சிடி கட்டளைக்கு ஒரு பாடவேளை தாருங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்களுக்கும் கல்லூரி ஆய்வகப் பயிற்றுநர்களுக்கும் வேங்கிக்காலிலிருந்து ஒரு திறந்த மடல்



வருடத்தில் ஒரே ஒரு பாடவேளையைக் கேட்டு இதை எழுதுகிறேன். ஆட்சியர் அலுவலகம் இருக்கிற வேங்கிக்காலில் குடியிருந்து மென்பொருள் வேலை பார்ப்பவன் நான். மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சந்தேகம் கேட்க வருவார்கள். பிளஸ் டூ படிப்பவர்களும் வருவார்கள், பொறியியல் படிப்பவர்களும் வருவார்கள். இவர்கள் எல்லோருக்கும் கால் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது மிகச் சிறிய இடம். ஆனால் அங்கே சரியாக நின்று புரிந்துகொண்ட பிள்ளைக்கு இயக்க அமைப்பு என்ற பாடத்தில் பாதி விளங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், சி++ நிரலைப் பைத்தானுக்குள்ளிருந்து இயக்கும் பாடத்தை நீங்கள் நடத்துகிறீர்கள். அதில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. கட்டளைத் திரையில் 'சிடி' என்று அடித்தால் கோப்புறை மாறும் என்பது ஒன்று. பைத்தானின் 'ஓஎஸ்.சிஸ்டம்' என்ற செயற்கூறுக்குள் ஒரு கட்டளையைக் கொடுத்தால் இயக்க அமைப்பு அதை நிறைவேற்றித் தரும் என்பது இன்னொன்று. துடிப்பான பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்குமா? ஓஎஸ்.சிஸ்டத்துக்குள் சிடி கட்டளையை வைத்து, தன் கோப்பு இருக்கிற கோப்புறைக்குப் போகச் சொல்கிறது. திரையில் 0 என்று விடை வருகிறது. வேலை பிழையில்லாமல் முடிந்தது என்பதற்கான அடையாளம் அது. அடுத்த வரியில் அந்தக் கோப்பைத் திறக்கப் போனால், அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது பைத்தான்.

"எல்லாம் சரியாத்தானே அடிச்சிருக்கேன்?" என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி. "முழுப் பாதையைக் கொடுத்துடு, வேலை செய்யும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில். முழுப் பாதை கொடுத்தால் வேலை நடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. 0 என்று ஏன் வந்தது, கோப்புறை ஏன் மாறவில்லை என்பது அப்படியே கிடக்கிறது. கணினி சில நேரம் காரணமில்லாமல் இப்படி நடந்துகொள்ளும் என்ற தவறான பாடத்தைத்தான் பிள்ளை அன்றைக்கு எடுத்துக்கொண்டு போகிறது.

அந்த 0 பொய்யில்லை. கோப்புறை உண்மையிலேயே மாறியது. மாறியது வேறொரு புராசஸுக்கு.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் கெர்னலின் கணக்கில் ஒரு புராசஸ். அந்தப் புராசஸைப் பற்றி கெர்னல் வைத்திருக்கிற குறிப்புகளில் நடப்புக் கோப்புறையும் ஒன்று. புராசஸ் இப்போது எந்தக் கோப்புறையில் நிற்கிறது என்பதே அந்தக் குறிப்பு. '/' குறியில் தொடங்காத எந்தக் கோப்புப் பெயரைக் கொடுத்தாலும், லினக்ஸ் அதைத் தேடத் தொடங்குவது அந்த இடத்திலிருந்துதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லக் கிரிவலப் பாதையை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 'அடுத்த லிங்கம்' என்று சொன்னால், அக்னி லிங்கத்தில் நிற்பவருக்கு அது எமலிங்கம். வருண லிங்கத்தில் நிற்பவருக்கு வாயு லிங்கம். சொல் ஒன்றுதான், நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. 'குபேர லிங்கம்' என்று பெயரையே சொல்லிவிட்டால் எங்கே நின்றாலும் ஒரே இடம். அதுதான் முழுப் பாதை. இப்போது அக்னி லிங்கத்தில் நிற்கிற தகப்பன் தன் மகனைப் பார்த்து, "நீ எமலிங்கத்துக்குப் போ" என்கிறார். மகன் போய்ச் சேர்கிறான், போய்விட்டேன் என்று போனில் சொல்கிறான். தகப்பன் நிற்பது இன்னும் அக்னி லிங்கத்தில்தான்.

ஓஎஸ்.சிஸ்டம் செய்வது இதையேதான். பைத்தான் ஒரு புதிய ஷெல்லைத் தொடங்குகிறது. விண்டோஸாக இருந்தால் 'சிஎம்டி', லினக்ஸாக இருந்தால் 'எஸ்எச்'. அந்தக் குழந்தைப் புராசஸ் பிறக்கும்போது தாயின் நடப்புக் கோப்புறையை அப்படியே பெற்றுக்கொள்கிறது. பிறகு சிடி கட்டளையைப் படித்துத் தன் இடத்தை மாற்றிக்கொள்கிறது, 0 என்று விடை சொல்லிவிட்டு முடிந்துபோகிறது. அதோடு அது நின்ற இடமும் போயிற்று. தாயான பைத்தானிடம் எதுவும் அசையவில்லை. பைத்தான் தானே நகர வேண்டுமானால் தானே கெர்னலிடம் கேட்க வேண்டும். அதற்கான சிஸ்டம் கால் 'சிஎச்டிர்'. பைத்தானில் அதன் பெயர் 'ஓஎஸ்.சிஎச்டிர்'. போக வேண்டிய கோப்புறை இல்லையென்றால் அது உடனே பிழையைக் காட்டி நின்றுவிடும்.

இதில் குழம்புவது நம் பிள்ளைகள் மட்டுமல்ல. யூனிக்ஸை உருவாக்கியவர்களே இங்கே திகைத்து நின்றிருக்கிறார்கள். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அந்த முதல் யூனிக்ஸில் ஒரு டெர்மினலுக்கு ஒரே ஒரு புராசஸ். ஷெல்லில் ஒரு கட்டளையை அடித்தால், அந்தக் கட்டளையின் நிரல் ஷெல் இருந்த நினைவகத்தின் மேலேயே வந்து உட்காரும். வேலை முடிந்ததும் ஷெல் புதிதாக ஏற்றப்படும். நிரல்கள் வந்து வந்து போனாலும் புராசஸ் ஒன்றேதான். ஆகவே கோப்புறை மாற்றுகிற கட்டளை மற்றக் கட்டளைகளைப் போலத் தனி நிரலாக இருந்தும் ஒழுங்காக வேலை செய்தது.

பிறகு 'ஃபோர்க்' வந்தது. ஒரு புராசஸ் தன்னைப் போலவே இன்னொரு புராசஸை உண்டாக்கும் வசதி அது. இன்றைக்கு நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன் வரைக்கும் அடித்தளமாக நிற்கும் அந்த வசதியை, பிடிபி-7இல் வெறும் 27 வரி அசெம்பிளி நிரலில் சேர்த்துவிட்டார்கள் என்று ரிட்சி எழுதியிருக்கிறார். எல்லோரும் மகிழ்ச்சியில் இருந்தபோது கோப்புறை மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஃபோர்க்கைச் சேர்த்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நிரல் வரிகளை மறுபடி மறுபடி படித்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில்தான் உண்மை பிடிபட்டது. கட்டளை சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அதை நிறைவேற்றப் பிறந்த குழந்தைப் புராசஸின் இடத்தை மாற்றியது, அந்தக் குழந்தை அடுத்த நொடியில் மறைந்தது, தாய் ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. தீர்வாக அந்தக் கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். இன்று வரை ஷெல்லுக்குச் சிடி ஒரு உள்கட்டளை. யூனிக்ஸின் வளர்ச்சியைப் பற்றி ரிட்சி 1979இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கதை முழுதாக இருக்கிறது. உங்கள் மாணவன் ஓஎஸ்.சிஸ்டத்தில் விழுந்த அதே பள்ளத்தில் ரிட்சியும் தாம்சனும் விழுந்து எழுந்தார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தொல்லை கொடுக்கிற ஏற்பாட்டை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று பொறியியல் மாணவர்கள் கேட்பார்கள். குழந்தைப் புராசஸ் தாயை நகர்த்த முடிந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்பேன். நீங்கள் இயக்குகிற ஒவ்வொரு கட்டளையும் உங்கள் காலடியை மாற்றிவிட்டுப் போக முடியும். ஒரு கோப்பை அச்சிடச் சொன்னால், அச்சிட்டு முடித்த பிறகு நீங்கள் வேறெங்கோ நிற்பீர்கள். சிஎச்டிர் சிஸ்டம் காலுக்குக் கொடுக்க முடிவது பாதை ஒன்றை மட்டுமே. எந்தப் புராசஸை நகர்த்த வேண்டும் என்று சொல்ல அதில் இடமே கிடையாது, கேட்கிற புராசஸ் மட்டுமே நகரும். அதன் உடன்பிறப்பான 'எஃப்சிஎச்டிர்', ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கோப்புறையின் எண்ணை வாங்கிக்கொள்ளும். அதுவும் கேட்பவரை மட்டுமே நகர்த்தும். இன்னொரு புராசஸை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் 'ஜிடிபி' போன்ற பிழைதிருத்தியை அந்தப் புராசஸோடு இணைத்து, அதன் வாயாலேயே சிஎச்டிர் கேட்க வைக்கலாம். அங்கேயும் கேட்பது அந்தப் புராசஸ்தான் என்பதைக் கவனியுங்கள். உபுண்டு 10.10 பதிப்பிலிருந்து அதற்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், இயக்க அமைப்பு ஆய்வகத்துக்குக் கொடுத்த சிஸ்டம் கால் பட்டியலில் ஃபோர்க், எக்ஸெக், வெயிட், ஸ்டாட் எல்லாம் இருந்தன. சிஎச்டிர் இல்லை. இதை எனக்கு ஒரு குறையாகவே சொல்லத் தோன்றுகிறது. தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிரிவைக் காட்ட, இரண்டு புராசஸ்களின் எண்களைத் திரையில் அச்சிடச் சொல்வது வழக்கம். எண்கள் வேறு வேறாக வருவதைப் பார்த்து மாணவன் என்ன உணர்வான்? ஃபோர்க் செய்து, குழந்தையை மட்டும் வேறு கோப்புறைக்கு அனுப்பி, இருவரையும் "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்கான சிஸ்டம் கால் 'கெட்சிடபிள்யூடி'. பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிகிற நிரல். பிரிவு என்றால் என்ன என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

தேர்வுக்கு அப்பால் இது எங்கே உதவும் என்று நீங்கள் கேட்கலாம். உங்களிடம் படித்த பிள்ளைகள் நாளைக்கு ஏதோ ஒரு அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்வார்கள். பழைய கோப்புகளைத் தினமும் இரவில் அழிக்க ஒரு சிறிய ஷெல் நிரல் எழுதச் சொல்வார்கள். முதல் வரியில் பழைய கோப்புகள் இருக்கிற கோப்புறைக்குச் சிடி, இரண்டாவது வரியில் அங்கே இருப்பதையெல்லாம் அழிக்கும் 'ஆர்எம்'. இரண்டே வரி. ஒரு நாள் யாரோ அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றிவிடுகிறார்கள். சிடி தோற்றுப்போகிறது. ஷெல் அதற்காக நின்றுவிடாது, ஒரு பிழைச் செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அப்போது புராசஸ் எங்கே நிற்கிறது? அந்த நிரலைக் 'கிரான்' இயக்குகிறதென்றால், அது தொடங்குகிற இடம் பயனரின் ஹோம் கோப்புறை. அந்த மனிதரின் அத்தனை கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆர்எம் தன் வேலையைச் செய்து முடிக்கிறது.

இதைத் தடுக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சிடிக்கும் ஆர்எம்முக்கும் நடுவில் '&&' குறியைப் போட்டால் முதலாவது வென்றால்தான் இரண்டாவது நடக்கும். சிடி தோற்றால் அங்கேயே வெளியேறச் சொல்லி ஒரு சொல் எழுதினாலும் போதும். ஷெல் நிரல்களைச் சோதிக்கும் 'ஷெல்செக்' என்ற கருவி, காவல் இல்லாத சிடியைக் கண்டால் எச்சரிக்கும். ஆனால் இந்த ஆபத்து இருக்கிறது என்பதே தெரியாதவர் கருவியைத் தேடிப் போக மாட்டார். சிடி என்பது கோப்புறையை மாற்றும் கட்டளை என்று ஒரே வரியில் படித்துவிட்டு வந்தவருக்கு, அது தோற்கவும் கூடும் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? கோப்புறை இல்லாமலிருக்கலாம், பெயர் ஒரு சாதாரணக் கோப்பினுடையதாக இருக்கலாம், உள்ளே நுழைய அனுமதி இல்லாமலிருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வேறு பிழைகளைக் கெர்னல் சொல்லும்.

இன்னொரு தொல்லை பள்ளி ஆய்வகத்திலேயே நடக்கிறது. 'ஐடிஎல்இ'யில் எஃப்5 அழுத்தி இயக்கினால் சிஎஸ்வி கோப்பு திறக்கிறது. அதே நிரலை வீட்டில் விஎஸ் கோடில் இயக்கினால் கோப்பு இல்லை என்கிறது. காரணம் எளிது. ஐடிஎல்இ, நிரல் இருக்கிற கோப்புறைக்கே நடப்புக் கோப்புறையை மாற்றிவிட்டுத்தான் இயக்குகிறது. விஎஸ் கோடு, நீங்கள் திறந்து வைத்த கோப்புறையில் நின்றுகொண்டு இயக்குகிறது. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, நிற்கிற இடம் மட்டும் வேறு. இது தெரிந்த பிள்ளை பைத்தானைத் திட்டாமல், 'ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி' என்று ஒரு வரி எழுதி, தான் எங்கே நிற்கிறோம் என்று முதலில் பார்க்கும்.

விண்டோஸ் கட்டளைத் திரையில் சி டிரைவில் நின்றபடி டி டிரைவிலுள்ள கோப்புறைக்குச் சிடி கொடுத்தால் நகராதது போலத் தோன்றும். ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக ஓர் இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் அது. டிரைவும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் சிடிக்குப் பின் '/டி' சேர்க்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

லினக்ஸில் இருக்கிற அழகான சோதனை ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். இரண்டு டெர்மினல்களைத் திறக்கச் சொல்லுங்கள். முதலாவதில் ஒரு கோப்புறைக்குள் போகட்டும். இரண்டாவதிலிருந்து அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றட்டும். இப்போது முதல் டெர்மினலில் 'பிடபிள்யூடி' என்று கேட்டால் ஷெல் பழைய பெயரையே சொல்லும், ஏனென்றால் அது தன் நினைவிலிருந்து சொல்கிறது. 'பின்' கோப்புறையில் இருக்கிற தனி நிரலான '/பின்/பிடபிள்யூடி'யைக் கேட்டால் புதிய பெயரைச் சொல்லும், ஏனென்றால் அது கெர்னலைக் கேட்டுச் சொல்கிறது. கெர்னல் பிடித்து வைத்திருப்பது பெயரை அல்ல, கோப்புறையையே என்பது அங்கே புரியும். பிறகு அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். புராசஸ் நிற்கிறது, நிற்கிற இடத்துக்குப் பெயர் இல்லை. பென்டிரைவைக் கழற்றப் போகும்போது 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுப்பு வருகிறதே, அதற்கும் பல நேரங்களில் இதுதான் காரணம். ஏதோ ஒரு டெர்மினல் அந்தப் பென்டிரைவுக்குள் நின்றுகொண்டிருக்கும். உங்கள் பயனர் கணக்கில் ஓடும் ஒவ்வொரு புராசஸும் எங்கே நிற்கிறது என்பதை '/ப்ராக்' கோப்புறையில் அதன் எண்ணுக்குக் கீழே 'சிடபிள்யூடி' என்ற இணைப்பாகவே பார்க்கலாம். ஒளிவுமறைவு எதுவுமில்லை.

கல்லூரிப் பயிற்றுநர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நடப்புக் கோப்புறை புராசஸுக்குச் சொந்தமானது, அதற்குள் ஓடும் திரெட்கள் எல்லோருக்கும் பொது. ஒரு திரெட் சிஎச்டிர் கேட்டால் மற்றத் திரெட்களின் காலடியும் சேர்ந்து மாறும். வலைச் சர்வர் எழுதப் போகிற மாணவன் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பைத்தான் 3.11இல் கோப்புறையைத் தற்காலிகமாக மாற்றித் திரும்ப வைக்கும் வசதி ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவும் திரெட்களுக்கு நடுவில் பாதுகாப்பானதல்ல. குழந்தைப் புராசஸை வேறு இடத்தில் தொடங்க வேண்டுமென்றால் 'சப்புராசஸ்' கூறில் 'சிடபிள்யூடி' என்ற அளபுருவைக் கொடுக்கலாம். தாய் நகரத் தேவையே இல்லை. பெரும்பாலான இடங்களில் இதுவே சரியான வழி என்று நான் சொல்வேன்.

லினக்ஸுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயக்க அமைப்பு அது. எனக்குத் தெரிந்த வீடுகள் பலவற்றில் அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. அரசு கையில் கொடுத்த ஒரு முழு இயக்க அமைப்பு அப்படியே தூங்கியது எனக்கு இன்றும் வருத்தம். ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இருந்தாலே மேலே சொன்ன அத்தனையும் செய்து பார்க்கலாம். பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. தமிழில் படிக்க 2012இலிருந்து 'கணியம்' இருக்கிறது. கேட்டுப் பார்க்க ஆட்களும் உண்டு, படித்துப் பார்க்க எழுத்தும் உண்டு.

உங்களுக்கு இருக்கிற நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. பாடத்தை முடிக்க வேண்டும், செய்முறைத் தேர்வுக்கு ஏடு எழுத வைக்க வேண்டும், ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் உட்கார வேண்டும். அதனால்தான் நான் புதிய பாடம் எதையும் கேட்கவில்லை. நூலில் ஏற்கெனவே இருக்கிற சிடியையும் ஓஎஸ்.சிஸ்டத்தையும் ஒரே வகுப்பில் சேர்த்து நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். முதலில் பிள்ளைகள் ஓஎஸ்.சிஸ்டத்துக்குள் சிடியைப் போட்டுத் தோற்கட்டும். 0 வரட்டும், கோப்பு திறக்காமல் போகட்டும். ஏன் என்று அவர்களே ஐந்து நிமிடம் யோசிக்கட்டும். அதற்குப் பிறகு ஓஎஸ்.சிஎச்டிரைக் காட்டுங்கள், ஃபோர்க் வந்த நாளின் கதையைச் சொல்லுங்கள். முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் இந்தப் பாடத்தின் உயிர் போய்விடும்.

பொதுத்தேர்வு அவசரம் தொடங்குவதற்கு முன், அரையாண்டுத் தேர்வுக்கு இந்தப் பக்கமே, அந்த ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். லினக்ஸ் நிறுவக் கை வேண்டுமென்றாலோ, அந்த வகுப்பில் கூட நிற்க ஓர் ஆள் வேண்டுமென்றாலோ சொல்லி அனுப்புங்கள். மாவட்டத்தின் எந்தப் பள்ளியாக இருந்தாலும் வேங்கிக்காலிலிருந்து பேருந்து பிடித்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வேங்கிக்காலிலிருந்து ஒரு நிரலாளர்